நடந்த நடைக்குப் பலன் உண்டா? வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்

கோவை ரேஸ் கோர்ஸில் என்னோடு காலை நடைக்கு வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் எட்டாவது மாதத்தில் நின்றுவிட்டார். விசாரிக்கப் போனேன். “எடை மிஷின்ல ஏறிப் பாத்தேனுங்க. எட்டு மாசத்துல எண்ணூறு கிராம். இதுக்கு வீட்லயே தூங்கியிருக்கலாம்” என்றார். இதை அவர் சொன்னது அவருடைய குடியிருப்பின் மாடிப்படியில். லிஃப்ட் வேலை செய்யாத நாள்; இருவரும் பேசிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். போன வருடம் இதே படியில், இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ‘ஒரு நிமிஷம்’ என்று நின்ற மனிதர் அவர். இப்போது மூச்சு வாங்காமல், நடைப்பயிற்சியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். அது அவர் கண்ணில் படவே இல்லை.

உடற்பயிற்சி நம் உடம்பைச் செய்ய வைப்பது இதுதான்: அதே வேலையைக் குறைந்த செலவில் முடிப்பது. வண்டி வைத்திருப்பவர்கள் இதை மைலேஜ் என்பார்கள். வண்டியின் மைலேஜ் கூடியதா என்று பார்க்க யாரும் அதைத் தூக்கி எடைபோடுவதில்லை. நாம் மட்டும் போடுகிறோம்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக டாக்டர் “வாக்கிங் போங்க” என்று சொன்னதால் நடப்பவர்களுக்கு. சைக்கிள், நீச்சல், ஜிம் என்று போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். இதயக் கோளாறு உள்ளவர்கள் நான்காம் படியை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதல் படி: தராசுக்கு லீவு கொடுங்கள்

உடம்பின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். முந்தின ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கொஞ்சம் தாராளமாகப் போயிருந்தால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும் நாட்களிலும் இப்படித்தான். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தசைகள் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசை இந்தச் சேமிப்பைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே முதல் மாதத்தில் எடை கொஞ்சம் கூடினால், அது பயிற்சி வேலை செய்வதன் அடையாளமாகக்கூட இருக்கலாம்.

கலோரிக் கணக்கும் நம் பக்கம் இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். நடைபாதை முடியும் இடத்தில் கிடைக்கும் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அருகம்புல் ஜூஸ் குடிக்கிறவர்கள் தப்பித்தார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களும் அப்புறம் வடைக்கடைக்குத்தான் வருகிறார்கள்.

எடை குறையாமல் இதயத்துக்கு நன்மை கிடைக்குமா? கிடைக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. “டிரைவர்கள் குண்டானவர்கள், அதனால்தான்” என்று சிலர் சொல்லக்கூடுமே? அதையும் அவர் விடவில்லை. நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவை வாங்கிப் பார்த்தார். ஒல்லியானவர், பருமனானவர் என்று எந்த அளவில் எடுத்தாலும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொப்பையுள்ள கண்டக்டருக்கும் படிக்கட்டு பலன் கொடுத்திருக்கிறது.

எடையே பார்க்க வேண்டாமா என்றால், மாதம் ஒரு முறை போதும். காலையில், கழிப்பறை போய் வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன். கொழுப்புச் சதவீதம் காட்டும் மிஷின்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அவை உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு உடம்பு காட்டும் தடையை வைத்துக் கணிப்பவை. இரண்டு டம்ளர் தண்ணீர் கூடக்குறைய இருந்தால் பதிலும் மாறும்.

இரண்டாம் படி: இன்றைய கணக்கை எழுதி வையுங்கள்

நண்பர் ஏமாந்தது இங்கேதான். எட்டு மாதத்துக்கு முன் தான் எப்படி இருந்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. யாருக்கும் மறக்கும். ஒரு நோட்டு, இல்லையென்றால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஏற்கெனவே ஒரு வருடமாக நடக்கிறீர்களா? பரவாயில்லை, இன்றைய தேதியைப் போட்டுத் தொடங்குங்கள். எழுத வேண்டியவை கீழே வரும் படிகளில் இருக்கின்றன. மொத்தமே ஏழெட்டு எண்கள்தான்.

மூன்றாம் படி: காலை நாடி

செலவே இல்லாத, என்னைக் கேட்டால் மிக நேர்மையான சோதனை இது. கண் விழித்ததும் எழுந்து உட்காராமல், போனையும் எடுக்காமல், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வையுங்கள். பெருவிரலால் நாடி பார்க்காதீர்கள். அதற்கே துடிப்பு உண்டு, குழப்பும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அலாரம் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்த நாளில் இரண்டு நிமிடம் பொறுத்து எண்ணலாம். தொடர்ந்து ஐந்து நாள் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். காய்ச்சல், சரியில்லாத தூக்கம், முந்தின ராத்திரிக் கல்யாண விருந்து எல்லாமே துடிப்பை ஏற்றிவிடும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று கொள்வார்கள். பயிற்சி தொடர்ந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் கூடுகிறது. ஒரே தடவையில் அதிகம் தள்ளும் இதயம் அத்தனை தடவை துடிக்க வேண்டியதில்லை. சில மாதங்களில் நாலைந்து துடிப்பு குறைந்தாலே நல்ல சேதி. ஐந்து என்று வைத்தால் ஒரு நாளைக்கு 7,200 துடிப்பு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். அவர்களுக்கு இந்தப் படி அவ்வளவாக உதவாது. அடுத்த படியில் துடிப்பை விட்டுவிட்டு நேரத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்தால் போதும்.

நான்காம் படி: அதே பாதை, அதே தூரம்

நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு சோதனை நடை. தூரம் மாறாத ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் தடம் இருந்தால் நான்கு சுற்று, அதாவது 1.6 கிலோமீட்டர். இல்லையென்றால் தெருக்கோடி பிள்ளையார் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை போய் வருவதும் சரிதான். எத்தனை மீட்டர் என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு முறையும் அதே தூரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே நேரம், அதே செருப்பு அல்லது ஷூ. துணைக்கு யாரும் வேண்டாம். அரட்டை வேகத்தைத் தின்றுவிடும்.

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஓடாமல், முடிந்த அளவு வேகமாக அந்தத் தூரத்தை நடந்து முடியுங்கள். மூன்று எண்களை எழுதுங்கள்: எடுத்த நேரம், நின்ற உடனே பார்த்த நாடி, சரியாக ஒரு நிமிடம் கழித்துப் பார்த்த நாடி. நின்ற உடனே பார்ப்பதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும்.

இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நேரம் குறைந்து நாடி அதேபோல் இருந்தால் முன்னேற்றம். நேரம் மாறாமல் நாடி குறைந்தாலும் முன்னேற்றம்தான். நேரமும் குறைந்து நாடியும் ஏறியிருந்தால் அன்று கொஞ்சம் கூடுதலாக முக்கியிருக்கிறீர்கள் என்று மட்டுமே அர்த்தம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது எண்ணில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. நின்றபின் ஒரு நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்பது, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதைக் காட்டும். மருத்துவமனை டிரெட்மில் சோதனையில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கினால் கவனிக்க வேண்டியது என்று 1999-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் நாம் செய்வது அந்தச் சோதனை ஆகாது. அதனால் 12 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். உங்களுடைய இறக்கம் ஜனவரியில் 16 ஆகவும் மார்ச்சில் 22 ஆகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் மார்கழிப் பனியில் எடுத்த எண்ணைக் கத்திரி வெயிலில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். சென்னைவாசிகள் மே மாதத்தில் “பின்னாடி போயிட்டேன்” என்று புலம்புவதில் பாதி இதுதான். மே மாதத்துக்குப் போன வருட மே மாதமே சரியான ஜோடி.

எண்களே பிடிக்காதவர்களுக்கு ஒரு மாற்று வழி. மிதமான வேகத்தில் நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. உங்கள் வழக்கமான வேகத்தில் நடந்தபடி பிடித்த பாட்டின் பல்லவியை முணுமுணுத்துப் பாருங்கள். முன்பு மூச்சு அறுபட்ட இடத்தில் இப்போது அனுபல்லவி வரை போக முடிகிறதென்றால் மைலேஜ் கூடியிருக்கிறது. அந்த வேகம் உங்களுக்கு இனி போதாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால்? நாடிக்கு நம்பலாம், கலோரிக்கு வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. பத்தாயிரம் அடிகள் என்ற இலக்கும் ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’. விளம்பரத்துக்கு அழகான எண்.

ஐந்தாம் படி: நாற்காலியும் தரையும்

இங்கேதான் பழைய நடையாளர்கள் பலர் மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டினேன். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க முதியோருக்கான அளவுகோலில் 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்குக் கீழும், பெண்களுக்கு 12-க்குக் கீழும் போனால் சராசரியைவிடக் குறைவு. இளையவர்களுக்கு அளவுகோல் தேவையில்லை. சொந்த எண் ஏறுகிறதா என்பதே போதும்.

மூன்று வருடம் தவறாமல் நடந்தவன் நான். காலை நாடி அழகாக இறங்கியிருந்தது. நாற்காலி எண்ணிக்கை மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை. காரணம் எளிது. சமதரையில் நடப்பது இதயத்தையும் மூச்சையும் பழக்கும், தொடைக்குப் பெரிய சுமை தராது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்லிவிட்டு, வாரம் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும், இரண்டாவது பாதியை யாரும் காதில் வாங்குவதில்லை. நான் மாடிப்படியையும் இதே நாற்காலியையும் பயிற்சியாக்கினேன். முதல் ஐந்தாறு வாரத்திலேயே எண்ணிக்கை ஏறியது. தொடை பெருத்து அல்ல. ஆரம்பத்தில் வரும் வலு பெரும்பாலும் நரம்பு தசையை வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிய அதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும்.

தரைச் சோதனை நம் வீட்டுப் பழக்கம்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா? பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ இதற்கு 10 மதிப்பெண் வைத்திருக்கிறார். உட்கார ஐந்து, எழ ஐந்து. கையோ முட்டியோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் போகும். பந்திப் பாயை விட்டு டைனிங் டேபிளுக்கு மாறியதில் நாம் எதை இழந்தோம் என்று பார்க்க நல்ல வழி. மூட்டுவலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஆறாம் படி: இஞ்ச் டேப்

பேன்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே கட்டும் பேன்ட் பத்து வருடமானாலும் 34 என்றே சொல்லும். தையல்காரரின் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. எடை அசையாமல் இது மட்டும் இரண்டு சென்டிமீட்டர் குறைவது உண்டு. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் கொழுப்பு பயிற்சிக்குச் சீக்கிரம் இளகும் ரகம். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

ஏழாம் படி: லேப் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

சர்க்கரைக்கு நடப்பவர்கள் பார்க்க வேண்டியது ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். நடக்கத் தொடங்கி மூன்று வாரத்தில் எடுத்துவிட்டு ஏமாற வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நேற்றைய கதையைத்தான் சொல்லும். ஒரு நாள் நடையால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு நாளைக்கு நீடிக்கும். டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் அரக்கப்பரக்க நடப்பவர்கள் டாக்டரை ஏமாற்றலாம், ஹெச்பிஏ1சியை முடியாது.

பிரஷரை வீட்டில் பார்ப்பதானால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின், கை இதய மட்டத்தில் இருக்க, இரண்டு முறை பாருங்கள். நடந்து வந்த உடனே பார்த்துவிட்டு மகிழ்ச்சியடையாதீர்கள், பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் அது இயல்பாகவே தாழ்ந்திருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தொடர்ந்த பயிற்சியால் மேல் எண் சராசரியாக 5 முதல் 8 வரை குறையும். கொலஸ்ட்ரால் தாளில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு முதலில் இறங்கும், ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் கொஞ்சம் ஏறும். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் நடையை அவ்வளவாக மதிப்பதில்லை, அதற்குச் சாப்பாடும் மாத்திரையும்தான்.

இன்னொன்று, எண்கள் அப்படியே இருந்து டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தால் அதுவும் நடையின் வரவுதான். பழைய மருந்துச் சீட்டைத் தூக்கி எறியாமல் வையுங்கள். நாமாகக் குறைப்பது மட்டும் கூடாது.

எட்டாம் படி: எண்கள் அசையவில்லை என்றால்

முதலில் நாட்களை எண்ணுங்கள். தூக்கமும் மனநிலையும் முதல் இரண்டு வாரத்தில் மாறலாம். நாடியும் மூச்சும் நான்கிலிருந்து எட்டு வாரம் கேட்கும். இடுப்பளவும் ஹெச்பிஏ1சியும் மூன்று மாதம் கேட்கும்.

அந்த நாட்களும் தாண்டிவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு வருடமாக அதே பாதை, அதே வேகம், அதே பேச்சு. உடம்பு பழகிவிட்டது. ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழுவினர் ஒரு முறையைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெதுவான நடை, இப்படி ஐந்து தடவை, வாரம் நான்கு நாளாவது. ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் அதிகம் கூடின, பிரஷரும் அதிகம் குறைந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நான் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம் இதுதான்.

சிலருக்கு உடம்பு மெதுவாகத்தான் பதில் சொல்லும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990-களில் நடந்த ஹெரிட்டேஜ் ஆய்வில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 20 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு மூச்சுத் திறன் எக்கச்சக்கமாகக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த வித்தியாசம் குடும்பவாரியாக ஓடியது. ஒரு கணக்கில் அசையாதவருக்கு இன்னொரு கணக்கில் அசையலாம். அதனால்தான் ஏழெட்டு எண்கள்.

அப்புறம், அறுபது வயதுக்காரருக்கு எண் அப்படியே நிற்பதே லாபம். எதுவும் செய்யாமல் இருந்தால் மூச்சுத் திறன் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறங்கிக்கொண்டிருக்கும். டல்லாஸில் 1966-ல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பார்த்தபோது, முப்பது வருட வயது செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகக் கெடுதல் செய்திருந்தது தெரிந்தது. பிறகு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். வயது எடுத்துக்கொண்ட மூச்சுத் திறனைச் சராசரியில் முழுதாக மீட்டுவிட்டார்கள்.

எண்கள் தலைகீழாகப் போனால்

காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக நாலைந்து நாள் தொடர்ந்து இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது என்றால் பயிற்சி அதிகமாகியிருக்கலாம், அல்லது காய்ச்சல் வரப்போகிறது. இரண்டு நாள் ஓய்வு. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், முன்பு எளிதாக ஏறிய படியில் திடீரென்று மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

டெங்கு, சிக்குன்குனியா என்று மூன்று வாரம் படுத்து எழுந்தால் சோதனை நடையை உடனே செய்யாதீர்கள், மனசு உடைந்துவிடும். இரண்டு வாரம் மெதுவாக நடந்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் தேதி போட்டுப் புதிய பக்கத்தில் தொடங்குங்கள். பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். எத்தனை வாரத்தில் அந்த எண்ணுக்குத் திரும்பினீர்கள் என்பதும் எழுதி வைக்க வேண்டிய எண்தான்.